வெந்நீரில் குளித்த பாகல் விதைகள்

முன்னொரு காலத்தில், மார்கழிக் குளிர் எலும்புவரை இறங்கும் குவளைமலை நாட்டைச் செம்பியராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்தது உடனே நடந்தாக வேண்டும் அவருக்கு. அந்த மார்கழியில் பாகற்கொடி வேண்டுமென்றார்.

தோட்ட அதிகாரி தில்லைநாயகம் மூன்று முறை விதைத்தார். மூன்றும் ஈரமண்ணில் அழுகின. "இந்தக் குளிரில் பிரம்மாவே வந்தாலும் முளைக்காது, பிரபு!" என்றார்.

வாசலில் யாரோ சிரித்தார்கள். அரண்மனைக்குக் காய்கறி கொடுக்கும் காத்தாயி.

"ஏழு நாள் கொடுங்க மகாராஜா. வீட்டுக்குள்ளேயே முளைக்க வைக்கிறேன்."

"முளைக்காவிட்டால் உன் ஆற்றங்கரைத் தோட்டம் எனக்கு!" என்றார் தில்லைநாயகம். அதன்மேல் அவருக்கு வெகுநாள் கண்.

"எடுத்துக்குங்க," என்றாள். அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

ராஜா இருவருக்கும் ஆளுக்கு ஐம்பது விதையும், காத்தாயிக்கு அரண்மனை அடுக்களையில் ஓர் இடமும் கொடுத்தார்.

மறுநாளே தில்லைநாயகம் அலறிக்கொண்டு சபைக்கு வந்தார். "பிரபு! அரண்மனை அடுக்களையில் அவள் விதைமேல் வெந்நீர் ஊற்றுகிறாள்! கொலை!"

ராஜா கண் சிவந்தார். காத்தாயியைச் சபைக்கு வரவழைத்தார்.

"மகாராஜா, மார்கழியில நீங்க எதுல குளிக்கிறீங்க?"

"வெந்நீரில்தான்."

"வெந்தா போயிட்டீங்க?"

ராஜா குபீரென்று சிரித்துவிட்டார்.

தில்லைநாயகம் வீட்டுக்கு ஓடினார். சூட்டில் முளைக்குமென்றால், கொதித்தால் இன்னும் சீக்கிரம் முளைக்குமே! தம் விதைகளைத் தளதளவென்று கொதிக்கவிட்டார்.

ஏழாம் நாள். அடுப்பங்கரைக் கதகதப்பில் வைத்திருந்த ஈரத்துணியைக் காத்தாயி அவிழ்த்தாள். விதைகள் ஓடு பிளந்து வெள்ளையாய் முளைவிட்டிருந்தன. தில்லைநாயகத்தின் கிண்ணத்திலிருந்து அவியல் வாசனை வந்தது.

"உப்புப் போட்டீரா?" என்றார் ராஜா. பிறகு அவளிடம், "எவ்வளவு சூடு?" என்றார்.

"பச்சைப்பிள்ளைக்கு வெந்நீர் விளாவி, முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அந்தச் சூடு. ஓடு இளகும், உயிர் போகாது. ஒரு நாளாவது பிள்ளையைக் குளிப்பாட்டியிருந்தா ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

ஆறு பிள்ளை பெற்ற தில்லைநாயகம் தரையைப் பார்த்தார்.

"என்ன பரிசு வேண்டும்?"

"என் தோட்டத்துக்கு என் பேர்ல பட்டயம். இனி அதை யாரும் கேட்கக் கூடாது. நீங்களும்தான்."

"தந்தோம்!" என்றார் ராஜா. "தில்லைநாயகம், மார்கழி முடியும்வரை நம் மகள் குட்டி இளவரசிக்கு நீர்தான் வெந்நீர் விளாவ வேண்டும்."

"விளாவிட்டு முழங்கையை விடணும்," என்ற காத்தாயி, ராஜாவையும் ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் காலை இளவரசியின் அண்டாவருகே இரண்டு பேர் முழங்கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தில்லைநாயகம். மற்றவர் தலையில் கிரீடம் இருந்தது.