ஏமாற்றுக்காரனிடம் படித்த இளவரசி

முன்னொரு காலத்தில், அரசருக்குக் காலையில் தோன்றுவதெல்லாம் மாலைக்குள் சட்டமாகிவிடும் நாடு ஒன்றில், அரசருக்குப் புதிதாக ஓர் ஆசை வந்தது. ஆறு வயது மகள் கோமளவல்லி எட்டே நாளில் சபை நடுவே வகுத்தல் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்!

கணக்குப் பண்டிதர் சோதிலிங்கத்துக்கு வியர்த்தது. ஒரு வருடமாக அவர் குழந்தையை ஒற்றைக் காலில் நிறுத்தி வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தார். பலன், அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே இளவரசி மாமரத்தில் ஏறிவிடுவாள். அதை நினைத்த விகடகவி பொன்னம்பி சபையிலேயே களுக்கென்று சிரித்துவிட்டான். வம்பு வந்து சேர்ந்தது.

"அரசே, சிரிக்கத் தெரிந்தவரே கற்பிக்கட்டும்" என்றார் பண்டிதர். "ஆனால் எண்கள் எங்கள் பரம்பரைச் சொத்து. இவர் வாயிலிருந்து ஓர் எண்கூட வரக்கூடாது. வந்தாலும், இளவரசி தோற்றாலும், இவர் நாட்டைவிட்டே போக வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

வீட்டில் பொன்னம்பியின் மனைவி குயிலி மூட்டை கட்டத் தொடங்கினாள். "எந்த ஊருக்குப் போறோம்னு மட்டும் சொல்லுங்க. குளிர்ற ஊருன்னா கம்பளி எடுத்து வைக்கணும்." பிறந்த ஊரை விட்டுப் போக யாருக்கு மனசு வரும்?

மறுநாள் அவன் ஒரு தட்டு அதிரசத்தோடு மாமரத்தடியில் உட்கார்ந்தான். மரத்தின்மேல் இளவரசி.

"இது இளவரசிக்கு. இது எனக்கு. இதுவும் எனக்கு. அடடா, இதுவும் எனக்கே!"

தட்டு காலியானதும் சரசரவென்று இறங்கி வந்தாள் குழந்தை. "ஏமாத்துக்காரா! உனக்கு ஒம்போது, எனக்கு மூணா? மூணை எடுத்து இங்க வை!"

"அப்படியா தாயே? எனக்குக் கணக்கே வராதே."

தினமும் ஏமாற்றினான். கிளியைப் பங்குக்குக் கூப்பிட்டான், ஆட்டுக்குட்டியைக் கூப்பிட்டான். பங்காளிகள் பெருகப் பெருக இளவரசியின் கண் கூர்மையானது. பண்டிதரின் ஆள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும், விகடகவி வாயில் எண் எதுவும் சிக்கவில்லை. எண்களையெல்லாம் குழந்தைதான் கத்திக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள், பண்டிதர் தம் கையாலேயே தட்டைக் கொண்டுவந்து சபை நடுவே வைத்தார். "இளவரசி, இதில் முப்பது அதிரசங்கள். ஐந்து பேருக்குச் சமமாகப் பங்கிடுங்கள்."

குழந்தை ஐந்து இலைகளில் வைத்தாள். கடைசி இரண்டு இலைகளில் ஒவ்வொன்று குறைந்தது. கலைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அப்படியே. சபை முணுமுணுத்தது. வாயைத் திறக்க முடியாத பொன்னம்பிக்குக் குயிலி கட்டிய மூட்டை கண்ணுக்குள் வந்து நின்றது.

இளவரசி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். "ஆளுக்கு ஆறு வரணும். ரெண்டு பேருக்கு ஒண்ணொண்ணு குறையுது. அப்போ இதுல முப்பது இல்ல, ரெண்டைக் காணோம். யாரோ ஏமாத்துறாங்க!"

ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் பண்டிதர் முன்னால் நின்றாள். அவர் தலைப்பாகையிலிருந்து நெய் வழிந்து சந்தனப் பொட்டைக் கரைத்துக்கொண்டிருந்தது.

"தலைப்பாகையைக் கழட்டுங்க!"

பொத்தென்று விழுந்தன இரண்டு அதிரசங்கள்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொன்னம்பி, எப்படிக் கற்பித்தீர்?"

"நான் எங்கே அரசே கற்பித்தேன்? ஏமாற்றத்தான் பார்த்தேன். இளவரசி விடவில்லை."

"இந்தப் பண்டிதரை நாடு கடத்திவிடலாமா?"

"வேண்டாம் அரசே. இன்றைக்குத்தான் அவரும் ஏமாற்றத் தொடங்கியிருக்கிறார். இனிமேல் நல்ல வாத்தியாராகிவிடுவார்."

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. முத்துமாலையைக் கழற்றிப் பொன்னம்பியின் கழுத்தில் போட்டார். பண்டிதரை மறுநாளே, கையில் ஒரு தட்டைக் கொடுத்து, மாமரத்தடிக்கு அனுப்பிவைத்தார்.