பன்னிரண்டு சாண் ராயர்

வெகுகாலத்துக்கு முன் வெண்குன்ற நாட்டைச் செங்கதிர்வர்மன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். ஏழு வயதில் முடிசூடியவன். கதை நடக்கும்போது பத்தொன்பது. கோபமும் சட்டென்று வரும், சிரிப்பும் சட்டென்று வரும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஆண்டுதோறும் முடிசூட்டு நாளில் அரசரின் கைச்சாண் நீளத்தை அளந்து புதிய கோல் ஒன்று வெட்டுவார்கள். அந்த ஆண்டு முழுக்க எல்லாவற்றுக்கும் அதுவே அளவு. பெரிய ஏரி நிரம்பியதும் மதகடியில் கல் கட்டிய கயிற்றை இறக்கி, நனைந்த நீளத்தை அந்தக் கோலால் அளந்து ஓலையில் எழுதுபவள் பூங்காவனம். அதிகம் பேசமாட்டாள்.

அவள் சொல்லை அரசன் அப்படியே நம்புவது மூத்த அமைச்சர் சேந்திராயருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் சபையில் நீளமான துணியொன்றை விரித்தார். ஆண்டுக்கு ஒன்றாகப் பதின்மூன்று நீலப் பட்டைகள். படிக்கட்டுபோல இறங்கிக்கொண்டே வந்தன. கடைசி இரண்டு மட்டும் சமம்.

"முதல் ஆண்டு ஏரியின் ஆழம் முப்பத்தாறு சாண். இந்த ஆண்டு இருபத்து நான்கு. எல்லாம் இந்த அம்மாள் எழுதிய எண்கள்தான். மீதித் தண்ணீரைப் பக்கத்து நாட்டுக்குத் திறந்துவிட்டாள், மன்னா!"

அரசன் எழுந்தேவிட்டான். "பூங்காவனம்! பதில் சொல். இல்லையேல் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போய்விடு."

"எண்கள் சரிதான், மன்னா. ஏரி குறையவில்லை. ராயர் குறைந்திருக்கிறாரா என்று பார்த்தால் விளங்கும்."

சபை கொல்லென்று சிரித்தது. அவள் ஒரு பழைய ஓலையை எடுத்தாள். "முதல் கோலால் நீங்கள் முதலில் அளந்தது இவரைத்தான். தலை முதல் பாதம்வரை பன்னிரண்டு சாண்."

அரசன் முகம் இளகியது. "ஆமாம்... எனக்கு எட்டவில்லை என்று தரையில் படுத்தீர்களே, ராயரே! பாதத்தில் கோல் பட்டதும் கூச்சம் தாங்காமல் உருண்டீர்கள். அப்பா போன பிறகு நான் சிரித்தது அன்றுதான். எங்கே, இன்னொரு முறை படுங்கள்."

பட்டும் தலைப்பாகையுமாக ராயர் படுத்தார். அரசனே இந்த ஆண்டுக் கோலால் அளந்தான். எட்டு.

"மூன்றில் ஒரு பங்கு ராயரைக் காணோம், மன்னா. ஏரியிலும் அதே மூன்றில் ஒரு பங்குதான் காணோம்" என்ற பூங்காவனம், தான் பத்திரப்படுத்திய முதல் கோலை நீட்டினாள். "வளர்ந்தது உங்கள் கை. போன ஆண்டோடு நின்றுவிட்டது. அதனால்தான் கடைசிப் பட்டைகள் சமம். எண்ணோடு எந்தக் கோல் என்று நான் எழுதவில்லை. அது என் பிழை."

அரசன் தன் சாணை விரித்து அந்தக் கோலோடு வைத்துப் பார்த்தான். விரல்களை மடக்கவேண்டியிருந்தது.

"இனி நாட்டுக்கு அளவு, வளராத இந்தக் கோல் ஒன்றே. மதகுக் கல்லில் இதைப் பொறியுங்கள். நாட்டின் அளவுகளுக்கெல்லாம் பூங்காவனமே தலைவி. ராயரே, உங்கள் துணியை அவர் சொல்லச் சொல்லத் திருத்துங்கள்."

ஒரு மாதம் கழித்துப் புதிய துணி வந்தது. பதின்மூன்று பட்டைகளும் ஒரே உயரம். ஓரத்தில், யாரும் சொல்லாமலே, ராயர் ஒரு வரி சேர்த்திருந்தார்:

"சேந்திராயன், முதல் கோலால்: அன்றும் பன்னிரண்டு சாண், இன்றும் பன்னிரண்டு சாண். இன்னமும் கூசுகிறது."