செத்தவரை விசாரித்த சங்கம்

அந்தக் காலத்திலே நெடுங்கரை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட வில்லவராயன் கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அந்த நாட்டில் குற்றம் சாட்டப்பட்டவன் தானாக வாய் திறக்கக் கூடாது. சிவப்புக் கரைத் தலைப்பாகை கட்டிய வழக்குரைஞர்தான் அவனுக்காகப் பேச வேண்டும். அந்த வழக்குரைஞரே தப்புச் செய்தால்? வழக்குரைஞர் சங்கத்திடமே போய் முறையிட வேண்டும்! சங்கத்தின் தலைவர் மங்களநாதர். அமைச்சர் நாகநம்பியின் செல்வாக்கைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர்.

ஒருநாள் பொன்னாச்சி என்ற பெண் அரசவைக்கு வந்து விழுந்து கும்பிட்டாள். சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்த சடையனின் மனைவி. அரண்மனைச் செப்புக் குடத்தைத் திருடியதாகச் சொல்லி அவனைக் கல்லுடைக்கும் சிறையில் போட்டிருந்தார்கள்.

“ராசா, குடம் காணாமப் போன அன்னைக்கு எம் புருஷன் காளவாயிலதான் இருந்தாரு. பார்த்தவங்க ரெண்டு பேரு சாட்சி சொல்ல வந்து நின்னாங்க. பேச வேண்டிய அருளாளர் ஐயா வரவே இல்லை, கல்யாண விருந்துக்குப் போயிட்டாரு. சங்கத்துல முறையிட்டேன், இந்த ஓலையைக் குடுத்தாங்க. சிறையில எம் புருஷன் ரத்தமா இருமுறாராம்.”

நாகநம்பி ஓலையை வாங்கினார். ‘அருளாளரை நேரில் அழைத்து விசாரித்தோம். மாசற்றவர்’ என்றிருந்தது. எழுத்தின்மேல் கட்டைவிரலால் தேய்த்தார். பெயரில் மட்டும் மை ஒட்டிக்கொண்டு வந்தது. மற்ற எழுத்தெல்லாம் எப்போதோ கீறி, மை பூசிக் காய்ந்தவை.

“அரசே, வழக்குரைஞர்களை வழக்குரைஞர்களே விசாரிப்பது சரியில்லை. அதற்குத் தனிச் சபை வேண்டும்” என்றார் நாகநம்பி.

மங்களநாதர் துள்ளி எழுந்தார். “அரசருடைய ஆட்கள் எங்களை விசாரிப்பதா? அப்புறம் அரசரை எதிர்த்து வழக்காட எவனுக்கு நாக்கு எழும்? எங்கள் சங்கத்தில் குறை உண்டென்றால் அமைச்சர் காட்டட்டும்!”

வில்லவராயனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “பலே! நாகநம்பி, நான் வேட்டைக்குப் போய்வர எட்டு நாள் ஆகும். அதற்குள் காட்டினால் உமது சபை. இல்லையென்றால் உமது பதவி அவருக்கு.”

“அதுவரை சடையனை மட்டுமாவது வெளியே...”

“எட்டு நாளில் என்ன கரைந்தா போய்விடுவான்?” என்று சொல்லிக்கொண்டே ராஜா குதிரை ஏறினான். பொன்னாச்சி அரண்மனை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் சபை கூடியது. நாகநம்பி ஓர் ஓலையை எடுத்தார்.

“மங்களநாதரே, என் தோட்டக்காரர் உங்கள் சங்கத்தில் ஒரு வழக்குரைஞர்மேல் முறையீடு கொடுத்தார். அன்று மத்தியானமே வந்த பதில் இது. முத்திரை உங்களுடையதுதானே?”

“என்னுடையதேதான்.”

“விசாரித்த பிறகுதானே வைத்தீர்கள்?”

“பின்னே? ஒவ்வொருவரையும் என் முன்னால் நிறுத்தி, கண்ணைப் பார்த்துக் கேட்பேன்!”

“இந்த ஓலையில் உள்ளவர் என்ன சொன்னார்?”

எத்தனையோ ஓலைகளில் அது எது என்று மங்களநாதருக்கு எங்கே தெரியும்? ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “கண்கலங்கிச் சத்தியம் செய்தார், பாவம்.”

“பெயரைப் படிக்கிறேன். வேதவனர். போன ஐப்பசி மழையில் காலமானவர். அவருடைய பாடைக்கு நீங்களே தோள் கொடுத்தீர்கள்.”

சபை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. மங்களநாதரின் தலை தொங்கிப்போயிற்று. “பெயருக்கு இடம் விட்டு, பதிலை முன்கூட்டியே எழுதி அடுக்கி வைத்திருக்கிறார்கள், அரசே. முறையீட்டை யாரும் படிப்பதே இல்லை” என்றார் நாகநம்பி. பொன்னாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

ராஜா சங்கத்தின் முத்திரையை அங்கேயே உடைக்கச் சொன்னான். சடையனை அழைத்துவரக் குதிரை பறந்தது. பொழுது சாயும் நேரத்தில் வீரன் தனியாகத் திரும்பினான். அவன் கையில் சுண்ணாம்புக் கறை படிந்த ஒரு தலைத்துண்டு இருந்தது. சடையன் இறந்து நாலு நாள் ஆகியிருந்தது. ராஜா காட்டில் மான் துரத்திக்கொண்டிருந்த நாள் அது. எனக்கு அந்த ராஜாமேல் இன்றைக்கும் கோபம்தான்.

வில்லவராயன் அந்தத் தலைத்துண்டைக் கையில் வாங்கினான். பிறகு, “உமது சபையைப் பற்றிச் சொல்லும்” என்றான்.

“ஊரார் குடவோலை போட்டு ஐந்து பேரை எடுக்கட்டும். இரண்டு பேர் வழக்குரைஞர்கள், மூன்று பேர் மற்றவர்கள். அவர்களை நீங்கள் வைக்கவும் கூடாது, நீக்கவும் கூடாது.”

“என் சொல்லும் அங்கே செல்லாதா?”

“செல்லாது, அரசே. செல்லுமானால் உங்களை எதிர்த்துப் பேச யாரும் துணிய மாட்டார்கள். மங்களநாதர் சொன்னதில் அது ஒன்றுதான் நியாயம்.”

ராஜா அந்தத் தலைத்துண்டைப் பார்த்தான். சரி என்று கையெழுத்திட்டான்.

புதிய சபையின் முன் முதலில் நின்றவர் அருளாளர். அவரே வழக்குரைஞராயிற்றே, தன் பக்கத்தை அவரே எடுத்துச் சொன்னார். இரண்டு நாழிகை! முதிய தாய், சின்னக் குழந்தைகள், இத்தனை வருஷத் தொண்டு என்று அவர் உருகி உருகிப் பேசியதில், சபையின் ஐவரில் ஒருவரான நெசவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையாலேயே அருளாளரின் தலைப்பாகையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“அம்மா, நீ ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார்.

பொன்னாச்சி அருளாளரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இவ்வளவு நல்லாப் பேசுவீங்களா, ஐயா?” என்றாள். “இதுல பாதியை அன்னைக்கு வந்து பேசியிருக்கக் கூடாதா?”