ஓட்டைத் தோணிக்கும் காப்பு உண்டு

முன்னொரு காலத்தில் நுரைப்பட்டினம் என்ற கடற்கரை நாட்டைக் கோமேதகவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்; பக்கத்து வடகரை ராஜாவைப் பார்த்து வயிறெரியவே அவனுக்குப் பாதி நாள் சரியாகிவிடும். வடகரைக்காரன் ஒரு யானை வாங்கினால் இவன் இரண்டு வாங்குவான். அவன் மீசையை முறுக்கினால் இவன் தாடியையும் சேர்த்து முறுக்குவான்.

அப்போது காப்புக்காரர்கள் என்று ஒரு கூட்டம் ஊர் ஊராகக் கடை விரித்தது. "வருஷாவருஷம் எங்களுக்குக் காப்புப் பணம் கட்டுங்கள். கப்பல் மூழ்கினாலும் கிடங்கு எரிந்தாலும் நட்டத்தை நாங்கள் தருகிறோம்" என்பதுதான் அவர்கள் வியாபாரம். ஐந்து வருஷம் வரியே வேண்டாம் என்று வடகரை ராஜா அவர்களைக் கூப்பிட்டான். அது காதில் விழுந்ததும் நம்ம ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. சபையில் முதல் வரிசைக்காரரான அம்பலவாணர் தூபம் போட்டார்: "நாம் பத்து வருஷம் கொடுப்போம் மகாராஜா! மாளிகையும் சும்மா கொடுப்போம்! அவர்கள் வந்தால் ஊரே செழித்துவிடும்." காப்புக்காரர்கள் வந்தார்கள். யோசனை சொன்ன அம்பலவாணருக்குத் தங்கக் கடுக்கன் வந்தது.

அவர்கள் கட்டாத வரியை வேறு யாராவது கட்ட வேண்டுமே? அது தோணிக்காரர்கள் தலையில் விடிந்தது.

மூக்காயிக்கு இருந்தது ஒரே ஒரு தோணி. உப்பளத்திலிருந்து கப்பலுக்கு உப்பு ஏற்றிப் போவாள். புருஷன் செத்த பிறகு அந்தத் தோணிதான் அவளுக்குச் சோறு போட்டது. தோணி வரி இரண்டு மடங்கானபோது பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினாள். நாலு மடங்கானபோது, "கட்ட மாட்டேன், போய்ச் சொல்லு உங்க ராசாகிட்ட!" என்றாள். சுங்கச் சேவகர்கள் தோணியைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் வரி வராவிட்டால் ஏலம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூக்காயி அழவில்லை. துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு நேரே அரண்மனைக்கு நடந்தாள்.

அங்கே வேறொரு கூத்து. வடகரை இப்போது பதினைந்து வருஷம் தருகிறதாம். காப்புக்காரர்களின் தலைவர் இரத்தினசாரர் சபை நடுவில் நின்று, "எங்களுக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசை மகாராஜா. கூட்டாளிகள்தான் மூட்டை கட்டச் சொல்கிறார்கள்" என்று இழுத்தார். ராஜா பதறிப்போனான். இருபது வருஷத்துக்கு ஓலை எழுதச் சொல்லி, முத்திரை மோதிரத்தைக் கழற்றிவிட்டான்.

"நிறுத்துங்க ராசா!" என்றாள் மூக்காயி.

சபை திரும்பிப் பார்த்தது. அம்பலவாணர் துள்ளி எழுந்தார். "யாரடி நீ? துடுப்போடு சபைக்குள் வருகிறாயா?"

"தோணியைத்தான் பிடுங்கிக்கிட்டீங்களே. துடுப்பாவது என் கையில இருக்கட்டும்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா வேண்டும் உனக்கு?"

"இவங்க கட்டாத வரியை நான்தானே கட்டிட்டு வர்றேன் ராசா. அந்த உரிமையில இவங்களை நாலு கேள்வி கேக்கணும்."

"கேள். ஆனால் இவர்கள் பேச்சில் நீ ஒரு குறையாவது காட்ட வேண்டும். இல்லையென்றால் தோணியோடு துடுப்பும் எனக்கு!"

"சம்மதம்" என்றவள் இரத்தினசாரர் பக்கம் திரும்பினாள். "ஐயா, என் தோணி பழசு. அடியில ஓட்டை. ஐப்பசிப் புயல்ல அதைக் கடல்ல விட்டா காப்பு எழுதுவீங்களா?"

"எழுதுவோம். ஆபத்து அதிகம் என்றால் பணமும் அதிகம், அவ்வளவுதான்."

"ராசாவோட யானைக்கு மதம் பிடிச்சு அரண்மனையை இடிச்சா?"

"அதற்கும் உண்டு. விலை சொல்ல முடியாத ஆபத்து என்று எங்கள் தொழிலில் எதுவுமே கிடையாது" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்படின்னா ராசாவுக்கு ஒரு காப்பு எழுதுங்க. அவர் பயப்படுறதெல்லாம் நீங்க வடகரைக்கு ஓடிப்போயிடுவீங்களோன்னுதான். இருபது வருஷத்துக்குள்ள போயிட்டா, விட்டுக்கொடுத்த வரி அத்தனையும் திருப்பித் தருவோம்னு எழுதிக் கொடுங்க. காப்புப் பணத்தை நாங்க தோணிக்காரங்க கட்டுறோம். விலையைச் சொல்லுங்க."

இரத்தினசாரருக்கு வியர்த்தது. "அது வந்து... அந்த மாதிரிக் காப்பு நாங்கள் எழுதுவதில்லை."

"ஓட்டைத் தோணியை நம்புறீங்க, மதம் பிடிச்ச யானையை நம்புறீங்க. உங்க வாக்கை மட்டும் உங்களாலேயே நம்ப முடியலையா?"

அம்பலவாணர் குறுக்கே பாய்ந்தார். "அவர்கள் போகவே மாட்டார்கள்! அதற்கு நான் பொறுப்பு!"

"நல்லதாப் போச்சு. உங்க வீடு, நிலம், அந்தக் கடுக்கன் எல்லாத்தையும் ஈடா எழுதிடுங்க."

அம்பலவாணரின் கை தானாகக் காதைப் பொத்திக்கொண்டது. "ஒரு பேச்சுக்குச் சொன்னேனம்மா..." என்றார்.

சபையே கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. மோதிரத்தை மறுபடி விரலில் மாட்டிக்கொண்டான். "எல்லோரையும் போல வரி கட்டுகிறவர் இருக்கலாம். மற்றவர்கள் வடகரைக்குப் போகலாம், அந்த ராஜாவுக்கு என் அன்பளிப்பாக! அம்பலவாணரே, கடுக்கனைக் கழற்றி வையும். கரையில் பூட்டிய தோணிகளை உம் கையாலேயே அவிழ்த்துவிடும்." பிறகு மூக்காயியைப் பார்த்தான். "உன் ஆயுள் முழுக்க உனக்குத் தோணி வரி கிடையாது!"

"வேண்டவே வேண்டாம் ராசா" என்றாள் மூக்காயி. "என் வரியை அப்புறம் யாரு கட்டுவா? அடுத்த தோணிக்காரி செல்லக்கிளியா? எல்லாருக்கும் பழைய வரியே போடுங்க. என் பங்கை நான் கட்டிக்கிறேன்."

ராஜா எழுந்து நின்றுவிட்டான். அப்படியே ஆகட்டும் என்றான்.

காப்புக்காரர்கள் போனார்களா என்று கேட்கிறீர்களா? எங்கே போவார்கள்! கப்பல் இருக்கிற துறையில்தானே காப்பு விற்கும்; வடகரைக்கு இத்தனை கப்பல் ஏது? முனகிக்கொண்டே வரியைக் கட்டிவிட்டு இருந்துகொண்டார்கள்.

அன்று பொழுது சாய்வதற்குள், முழங்கால் அளவு சேற்றில் நின்று சங்கிலியோடு மல்லுக்கட்டிய அம்பலவாணரிடம் மூக்காயி சொன்னாள்: "வெரசா அவிழுங்க ஐயா. நாளைக்கு வரி கட்டணும், நான் இன்னிக்கு உப்பு ஏத்த வேணாமா?"