திருடரின் ஒரே வசனம்

ஜெசிந்தா சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் கூடம் நடத்திவந்தார். ஜப்பானிய அனிமே தொடர்களைத் தமிழில் பேசவைப்பது அவர் தொழில். அவரிடம் வசனம் எழுதக் கற்றுக்கொள்ள வந்த அறவாழி, அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தபால் துறையில் விருப்ப ஓய்வு பெற்றுவிட்டு வந்திருந்தார்.

அந்த வாரம் ஒரு கிளைத்தொடரின் ஏழாவது பகுதி வந்தது. மூலத்தொடரில் ஓரமாக வந்துபோன விசித்திர மனிதர்கள் மூவருக்கென்றே எடுத்த தொடர் அது. பொய் சொன்னால் தும்முகிற ஒரு பெண். கத்தரிக்காயிடம் அனுமதி கேட்டுவிட்டு நறுக்குகிற சமையல்காரர். திருடியதை மறுநாளே மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி வைக்கிற ஒரு கிழட்டுத் திருடர்.

ஏழாவது பகுதியில் மூலத்தொடரின் நாயகன் வந்துவிட்டான். இருபத்திரண்டு நிமிடமும் அவனே சண்டை போட்டான். மூவரும் மதிலோரம் நின்று பார்த்தார்கள். திருடருக்கு இருந்த வசனம் ஒரு “ம்” மட்டும்.

திருடருக்குக் குரல் கொடுப்பவர் பூங்காவனம். அவருக்குத் தொண்டையில் புற்று. அடுத்த திங்கட்கிழமை குரல்வளையை எடுக்கப்போகிறார்கள் என்று ஜெசிந்தாவிடம் போனில் சொல்லியிருந்தார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஜெசிந்தா அதை அறவாழிக்கு மட்டும் சொன்னார்.

ஒலிப்பதிவு நாளன்று காலை அறவாழி திருடருக்குப் பதினான்கு வரி வசனம் எழுதிக்கொண்டு வந்தார். ஜெசிந்தா முழுவதும் படித்தார். ஓரிடத்தில் சிரித்தார். பிறகு படத்தை ஓட்டிக் காட்டினார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா அவர் வாய் மூடியிருக்கே.”

சில இடங்களில் முதுகுதானே தெரிகிறது, அங்கே பேசவைக்கலாமே என்று அறவாழி வாதாடினார். ஜப்பானில் ஒவ்வொரு வரியையும் சரிபார்ப்பார்கள், கூடுதலாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், அப்போது வேறொருவர் குரலில்தான் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும் என்றார் ஜெசிந்தா.

அறவாழி தாளை மடித்தார். “அப்ப எதுக்கு மேடம் இவங்க பேர்ல தொடர் எடுக்கணும்? கூட்டிட்டு வந்து மதிலோரம் நிக்கவைக்கவா?”

ஜெசிந்தா கதவைத் திறந்தார். பூங்காவனத்தை உள்ளே வரச் சொன்னார்.

பூங்காவனம் மைக் முன்னால் நின்றார். வசனத் தாளைப் பார்த்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

“இவ்வளவுதானாம்மா?”

“இவ்வளவுதாண்ணே.”

அவர் “ம்” என்றார். இன்னொரு தடவை என்றார் ஜெசிந்தா. அவர் சொன்னார். இன்றைக்குத் திருடர் எதைத் திருடிவிட்டு வந்து நிற்கிறார் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஜெசிந்தா கேட்டார். பூங்காவனம் யோசித்தார். ஒரு வீட்டு அழைப்புமணி என்றார். அந்த மணியைப் பைக்குள் வைத்திருக்கிறவராக ஒரு “ம்” சொன்னார். கடிதத்தில் என்ன எழுதியிருப்பார் என்று அடுத்து கேட்டார் ஜெசிந்தா. அவர் முழுக் கடிதத்தையும் சொல்லிக் காட்டிவிட்டு, இன்னொரு “ம்” சொன்னார்.

இப்படியே போனது. பயந்த “ம்”, பொறாமைப்பட்ட “ம்”, தூங்கி எழுந்த “ம்”. திருடருக்கு இந்தக் குரலை ஒரு பஸ் கண்டக்டரிடமிருந்து எடுத்தேன் என்று நடுவில் சொன்னார். சமையல்காரருக்குப் பேசுகிறவரும் தும்முகிற பெண்ணுக்குப் பேசுகிறவரும் வந்து அறையில் உட்கார்ந்து கேட்டார்கள். இரண்டு முறை குரல் உடைந்தது. வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி நின்றார்.

ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இருபத்தாறாவது தடவை முடிந்ததும் ஜெசிந்தா போதும் என்றார்.

“சரியா வந்துச்சாம்மா?”

“வந்துச்சுண்ணே.”

பூங்காவனம் ஹெட்போனைத் துண்டால் துடைத்து மாட்டினார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். அவரோடு வாசல்வரை போய்விட்டு வந்த அறவாழி, கணினி முன் உட்கார்ந்தார். கண்களைத் துடைத்துக்கொண்டார். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்ததாக அவருக்குத் தோன்றியது.

“இருபத்தாறுல எதை வைக்கட்டும் மேடம்?”

திரையில் திருடர் மதிலோரம் வாயை மூடி நின்றிருந்தார். ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதல் தடவை சொன்னதை,” என்றார். “அதுவே சரியாத்தான் இருந்துச்சு.”