அஞ்சு அடுப்பும் ஒரு அண்டாவும்

பூசணியேந்தல்னு ஒரு ஊரு. எந்தப் பக்கம் இருக்குன்னு கேக்காதீங்க. அந்த ஊர்க்காரங்களுக்கே சந்தைக்குப் போனா திரும்பி வர வழி தெரியாது, மாடுதான் கூட்டிட்டு வரும்.

அங்க ஒச்சப்பருன்னு ஒருத்தரு. தலை பூராவும் வெள்ளை வெளேர்னு இருக்கும். ஒரே பொண்ணு, பேரு பவுனு. தை இருபதுல அவளுக்குக் கல்யாணம். முந்நூறு பேருக்குச் சோறு வடிக்க அண்டா வேணும். அந்தச் சுத்து வட்டாரத்துல பெரிய அண்டா ஒண்ணே ஒண்ணு, பூசணியேந்தலுக்கும் மேலக்கரைக்கும் பொது. மாட்டுப் பொங்கலன்னிக்குக் கயிறு இழுக்குற போட்டியில செயிக்கிற ஊருக்கு அந்த வருசம் பூராவும் அண்டா. ஒம்பது வருசமா அது மேலக்கரையிலதான் கெடக்கு. இரவல் கேக்கலாமேன்னு நெனைப்பீங்க. கேட்டாரு. "இழுத்து எடுத்துக்கங்க மாமோய்"னு சிரிச்சு அனுப்பிட்டாங்க.

"பந்தியில சோறு பத்தாம மாப்ள வீட்டுக்காரங்க எந்திரிச்சா, எம்பொண்ணு நாளைக்கு அந்த வீட்டுல எப்படிடா வாழும்?"னு ஒச்சப்பரு கண்ணத் தொடச்சாரு.

கயிறு இழுக்குற அஞ்சு பேரும் கூடுனாங்க. ஒச்சப்பரு, சடையாண்டி, மொக்கையன். மத்த ரெண்டு பேரு வாயே தொறக்க மாட்டாங்க, அதனால ஊருல அவங்களத்தான் புத்திசாலின்னு சொல்லுவாங்க.

"பலத்துக்கு ஊசி இருக்காம் மாமா. போட்டுக்கிட்டு இழுப்போம்"னான் சடையாண்டி.

செவ்வாக்கெழமை ஊருக்கு வர்ற நர்ஸம்மா அமலோற்பவத்துக்கு இவங்களக் கண்டாலே தலைவலி. ஏன்னா போன வருசம் இதே சடையாண்டி பாசிப்பயற முளைகட்டப் போட்டான். மூட்டை பெரிய மூட்டை, அவன் மாமியா குடுத்துவிட்டது. அந்தம்மா கையே தாராளம்... சரி, அத விடுங்க. மறுநாள் மூட்டைக்குள்ள கைய விட்டா கதகதன்னு இருக்கு. "ஐயையோ, பயறுக்குக் காய்ச்சல்!"னு தோள்ல தூக்கிப் போட்டு ஓடியாந்து, வரிசையில நின்னு மாத்திரை கேட்டான். "முளைக்கிற பயறும் மூச்சு விடும்யா, அதுல வர்ற சூடு"ன்னு சொல்லி அனுப்புச்சு நர்ஸம்மா. அன்னையிலேருந்து அவன் பயறத் திங்கிறதில்ல. மூச்சு விடுறத எப்படித் திங்கிறதுன்னு.

ஊசிக்கு வருவோம். அஞ்சு பேரும் போயிக் கேட்டாங்க. "ஊசியெல்லாம் கெடையாது. நல்லாச் சாப்பிடுங்க, நல்லா மூச்சு விடுங்க"ன்னுச்சு நர்ஸம்மா. "நம்ம உடம்புல கண்ணுக்குத் தெரியாத செல்லு கோடி கோடியா இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு குட்டி அடுப்பு மாதிரி. சோறுதான் வெறகு, இழுக்குற மூச்சுதான் காத்து. ரெண்டும் சேந்து, தீயே இல்லாம மெதுவா எரிஞ்சுதான் பலம் வருது. கழிவுக் காத்தும் கொஞ்சம் தண்ணியும் மூச்சோட வெளிய போயிரும்."

"நாங்க தூங்கையில அடுப்ப அணைச்சிருவீங்களா?"ன்னான் மொக்கையன்.

"தூங்குனாலும் எரிஞ்சுக்கிட்டேதான்யா இருக்கும்!"

படுத்த பாயி பத்திக்குமேன்னு அஞ்சு பேருக்கும் மொகம் வெளிறிப் போச்சு.

மறுநாள் விடியக்காலம், நல்ல பனி. மொக்கையன் வாயத் தொறந்தான், ஆவி வந்துச்சு. "பொகை! பொகை! அடுப்பு பத்திக்கிச்சு!" அஞ்சு பேரும் தெருத்தெருவா ஊதிக் காட்டிட்டு வந்தாங்க. வெயிலு ஏறுனதும் ஆவியக் காணோம். அணைஞ்சுபோச்சுன்னு ஒரே கூப்பாடு. மொக்கையனப் படுக்க வச்சு, காதுல ஊதாங்குழல வச்சு ஊதுனாங்க. அவன் அலறுனான். "சத்தம் வருது, பத்திக்கிச்சு"ன்னு விட்டாங்க.

அப்பறம்தான் பெரிய சந்தேகம் வந்துச்சு.

"வெறகு எரிஞ்சா சாம்பல் வரணுமே. அது எங்க மாமா?"ன்னான் மொக்கையன்.

ஒச்சப்பரு தலையில கட்டியிருந்த துண்ட அவுத்தாரு. "இந்தா. முப்பது வருசத்துச் சாம்பல். பொகையோட மேல போயி உச்சியில படிஞ்சிருது."

"அப்ப வழுக்கைத் தலைக்காரன்?"

"தெனம் பெருக்குறவன்டா அவன். சுத்தக்காரன்."

"அது கெடக்கட்டும்"னான் சடையாண்டி. "சும்மா நிக்கையில எரிஞ்சு வீணாப் போற சோத்துக்கு என்ன பண்ணுறது? விசில் ஊதுறதுக்குள்ள பாதி வெறகு தீந்துருமே!"

"காத்த அடைச்சா அடுப்பு எரியாதுல்ல?"ன்னாரு ஒச்சப்பரு. "மூச்ச அடக்கிருவோம். எரியாத சோறு அப்படியே மிச்சம்!"

புத்திசாலி ரெண்டு பேரும் தலைய ஆட்டுனாங்க. முடிவாயிருச்சு.

மாட்டுப் பொங்கலன்னிக்கு ஆளுக்கு மூணு வட்டில் கம்மஞ்சோறும் கருவாட்டுக் கொழம்பும் அடுப்புல ஏத்திக்கிட்டு, கம்மாக்கரையில போயி நின்னாங்க. வாய ஒரு கையால பொத்தணும், மூக்க ஒரு கையால பிடிக்கணும். கயித்துக்கு ஏது கை? இடுப்புல சுத்திக் கட்டிக்கிட்டாங்க. முதுகுக்குப் பின்னாடி கரைச் சரிவு, அதுக்குக் கீழ கம்மாத் தண்ணி.

தலையாரி பேச ஆரம்பிச்சாரு. அவரு பேச்சு என்னிக்குச் சுருக்கமா இருந்துச்சு? அவரு தாத்தா காலத்துப் போட்டியிலேருந்து வந்தாரு. இவங்க மொகம் சிவந்து, அப்பறம் கத்தரிக்கா நெறத்துக்கு வந்திருச்சு. கண்ணு பிதுங்குது. மேலக்கரைக்காரங்க பாத்தாங்க. சிரிப்பு தாங்கல. கயித்தச் சும்மா மணிக்கட்டுல சுத்திப் போட்டுக்கிட்டு வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க.

விசில் அடிச்சுச்சு. அடிச்சதுதான் தாமசம், ஒச்சப்பரு மயக்கம் போட்டுப் பின்னால சாஞ்சாரு. அவருமேல சடையாண்டி. அவன்மேல மொக்கையன். அஞ்சு பேரும் பூசணிக்கா மாதிரி சரிவுல உருண்டு ஓடுறாங்க. அந்த வேகத்துல மேலக்கரைக்காரங்க அஞ்சு பேரும் கோட்டத் தாண்டி, கரையத் தாண்டி, தண்ணியோரத்துல போயி விழுந்து கெடந்த இவங்களையும் தாண்டி, தண்ணிக்குள்ள தலைகுப்புற!

அமலோற்பவம் ஓடியாந்து ஒச்சப்பரு கன்னத்துல தட்டுச்சு. "மூச்சு விடுங்கய்யா! மூச்சு விடுங்க!"

அவரு ஒரு கண்ணத் தொறந்தாரு. "செயிச்சாச்சாம்மா?"

"செயிச்சாச்சு!"

"அப்ப விட்டுருறேன்."

அண்டா வந்துச்சு. கல்யாணத்தன்னிக்கு விடியக்காலம் பாத்தா, உள்ள பூரா ஒம்பது வருசத்துக் கறை. தேய்க்கலாம்னா வீட்டுல சாம்பல் இல்ல. கல்யாண வீடுன்னு எல்லா அடுப்பையும் முந்தின நாளே வழிச்சுக் கொட்டியாச்சு. மாப்ள வீட்டு வண்டிச் சத்தம் வேற கேக்குது. ஒச்சப்பரு தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

மொக்கையன் அவரு கைய வச்ச எடத்தையே பாத்தான். சடையாண்டியும் பாத்தான். புத்திசாலி ரெண்டு பேரும் பாத்தாங்க.

மாப்ளையோட அப்பா வண்டியவிட்டு எறங்கி வந்தாரு. அண்டாவுக்கு மேல ரெண்டு காலு நீட்டிக்கிட்டு நிக்குது. காலுக்கு ரெண்டு பேரு பிடிச்சு, வலமும் எடமுமாத் திருப்பிக்கிட்டு இருக்காங்க.

"சம்பந்தி எங்கப்பா?"

"இதோ, ஒரு சுத்துதான் பாக்கி. அலசி அனுப்பிருறோம்"னான் சடையாண்டி.

அண்டாவுக்குள்ள இருந்து கும்முனு சத்தம் வந்துச்சு: "வாங்க சம்பந்தி, வாங்க! டேய், அடியில கறை போகலடா, நல்லா அழுத்தித் தேய்! முப்பது வருசம் சேத்து வச்சது வேற எதுக்கு?"