ஒரு கரண்டி உறைமோர்

கொற்றவேல மன்னருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று நாக்கு. இன்னொன்று, யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும் காது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நாட்டை எப்படி ஆண்டார் என்று கேட்காதீர்கள். ஆண்டார், அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் இலையில் சுட்ட காட்டுவள்ளிக் கிழங்கு வந்து விழுந்தது. ஒரு வாய் வைத்தார். கண்கள் சொக்கிவிட்டன.

"ஆகா! இது எங்கிருந்து வருகிறது?"

"வடமலையிலிருந்து அரசே," என்றான் களஞ்சிய அதிகாரி வைரமாணிக்கம். "மலைக்காரர்கள் வாரம் ஐம்பது கூடை இறக்குவார்கள். சந்தையில் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார்கள்."

"எனக்கு ஐந்நூறு கூடை வேண்டும். இந்த வாரமே!"

மலைத்தலைவி வெள்ளச்சியை அவைக்கு வரவழைத்தார்கள். அவள் கும்பிட்டாள். ஆனால் குனியவில்லை.

"ஐந்நூறு ஆவாது சாமி. கொடியோட தலையில ஒரு துண்டுக் கெழங்கை விட்டுட்டுத்தான் தோண்டுவோம். மண்ணைத் தள்ளிக் குழியை மூடிருவோம். அடுத்த மழைக்கு அது மறுபடி வெளையும்."

வைரமாணிக்கம் துள்ளிக் குதித்தான். "கேட்டீர்களா அரசே? குழிக்கு ஒரு துண்டு! மலை முழுக்க உங்களுக்குத் தெரியாமல் பதுக்கல்! நூறு வீரர்களையும் நூறு கடப்பாரையையும் கொடுங்கள். வேரோடு பெயர்த்துக்கொண்டு வருகிறேன்." மலைக்காரர்களைக் கிளப்பிவிட்டு அங்கே ஒரு மாளிகை கட்டிக்கொள்ள அவனுக்கு நெடுநாள் ஆசை.

மன்னரின் காது நம்பிவிட்டது. வெள்ளச்சிக்குச் சிறை. வெள்ளிக்கிழமை மலையில் கடப்பாரை.

"அப்புறம் என் சனம் எதைத் திங்கும் சாமி?" என்று கேட்டுக்கொண்டே போனாள் அவள். ஆவுடையப்பனுக்கு மட்டும் வயிறு எரிந்தது. மன்னரைக் கேலி செய்வதற்கென்றே அந்த அவையில் சம்பளம் வாங்கும் ஆள் அவன்.

எரிந்த வயிற்றோடு அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். "அருமையான தீர்ப்பு அரசே! ஆனால் மலைக்கு மட்டும் சட்டம் என்றால் ஓரவஞ்சனை என்பார்கள். ஊருக்கே போட்டுவிடுங்கள். சட்டி பானையில் உள்ள தின்னும் பொருள் எதிலும் ஒரு துளியைக்கூட மறுநாளைக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது. வைத்தால் சிறை."

"போட்டேன்!" என்றார் மன்னர்.

"அரண்மனைக்கும்தானே?"

"எல்லோருக்கும்தான்!"

அன்று மாலை பறை முழங்கியது. வைரமாணிக்கத்தின் ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஊரே பயந்துபோய், இருந்ததையெல்லாம் வழித்து வழித்துத் தின்றது. தயிர்ப்பானைகள் கழுவிக் கவிழ்த்ததுபோலப் பளபளத்தன. அரண்மனையில் மன்னரும் மூன்று கிண்ணம் தயிரைக் கூடுதலாக உள்ளே தள்ளிவிட்டு நிம்மதியாக உறங்கினார்.

மறுநாள் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. மன்னர் கடைசிச் சோற்றில் குழி பறித்துக்கொண்டு காத்திருந்தார்.

"தயிர் எங்கே?"

சமையற்காரர் பொன்னம்பலம் கையைப் பிசைந்தார். "பால் இருக்கிறது அரசே. உறை ஊற்றத்தான் மோர் இல்லை."

"பக்கத்து வீட்டில் வாங்கக் கூடாதா?"

"பக்கத்து வீட்டுக்காரர் எங்களிடம் கேட்டு வந்து நிற்கிறார்."

புளியைப் போட்டுப் பார்த்தார்கள். பால் திரிந்தது. எலுமிச்சையைப் பிழிந்தார்கள். இன்னும் அழகாகத் திரிந்தது. அரண்மனை வைத்தியர் ஏதோ வேரைப் போட்டார். அந்தப் பாலைப் பூனைகூடத் தொடவில்லை. ரசத்தோடு எழுந்த மன்னர் அன்று மூன்று பேரைக் காரணமில்லாமல் திட்டினார். புதன்கிழமை ஏழு பேரை. அன்று மாலை தொண்டையைக் கனைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"நம் சட்டம் செல்லாத இடத்தில் தயிர் இருக்குமல்லவா?"

"பகைநாட்டில் இருக்கும் அரசே," என்றான் ஆவுடையப்பன்.

வேறு வழி? வெள்ளைக்கொடி கட்டிய குதிரையில் தளபதி போனார். பகைமன்னன் பரிதிமான் விழுந்து விழுந்து சிரித்தானாம். சிரித்து முடித்து, ஒரு வெள்ளிக் கரண்டியில் உறைமோரை ஊற்றிக் கொடுத்தானாம். துளி சிந்தாமல் அதைக் கொண்டுவர இருபது வீரர்கள் காவல்!

வெள்ளிக்கிழமை காலை கரண்டி அவைக்குள் நுழைந்தது. வெளியே வைரமாணிக்கத்தின் நூறு வீரர்களும் கடப்பாரையோடு புறப்படத் தயாராக நின்றார்கள்.

ஆவுடையப்பன் கரண்டியை வாங்கி மன்னரின் வாயருகே நீட்டினான். "குடியுங்கள் அரசே."

"பைத்தியமா உனக்கு? இதைக் குடித்துவிட்டால் நாளைக்குத் தயிர் ஏது? பானையில் ஊற்றச் சொல். உறைந்ததும் அதிலிருந்து ஒரு கரண்டியைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். அதை எவனாவது தொட்டான், கையை வெட்டிவிடுவேன்!"

"எடுத்தா வைக்க வேண்டும்?" ஆவுடையப்பன் காவலர் பக்கம் திரும்பினான். "வெள்ளச்சி இருக்கும் சிறையில் பக்கத்து அறை காலிதானே? நல்ல பாயாக ஒன்று விரித்து வையுங்கள். அரசர் வருகிறார்."

மன்னர் கரண்டியைப் பார்த்தார். கடப்பாரைகளைப் பார்த்தார். வெள்ளச்சி குழிக்குள் விட்டுவைக்கும் துண்டு என்னவென்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது.

"அவளை விடுதலை செய்யுங்கள்! மலை அவர்களுடையது. கிழங்கு பழையபடி சந்தைக்கே வரட்டும். அரண்மனைக்கும் ஒரு வீட்டுப் பங்குதான்." கழுத்து மாலையைக் கழற்றி ஆவுடையப்பனுக்குப் போட்டார். "சரி, இந்த வைரமாணிக்கத்தை என்ன செய்வது?"

"பெரிய தண்டனை எதற்கு அரசே? வெள்ளிக் கரண்டி இரவல் பொருள். பகைநாட்டுக்கு நடந்தே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வரட்டும். நம் தளபதி வாசலில் நின்றபோது பரிதிமான் எப்படிச் சிரித்தான் என்பதை வைரமாணிக்கமும் ஒருமுறை முன்னால் நின்று கேட்க வேண்டாமா?"